அவிழ்ந்ததா, அறுந்ததா? டி.என்.ஏ. ஒரிகாமி குலைந்தால் தேடிப் பார்க்கும் முறை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எங்கள் ஆய்வுகூடத்துத் தம்பியிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, 6 மோலார் யூரியாவுக்குள்ள போட்டன், எல்லாம் கரைஞ்சு போச்சு." கூடவே ஒரு ஜெல் படம்: மின் கொடுத்து டி.என்.ஏ.யை ஜெல்லுக்குள் ஓடவிட்டு எடுப்பது. ஒவ்வொரு மாதிரியும் தனித் தடத்தில், அதாவது லேனில் ஓடும். கட்டமைப்பு முழுதாக இருந்தால் அங்கே கூர்மையான பட்டை தெரியும். தெருவிளக்குக்குக் கீழே நின்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். யூரியா போட்ட லேனில் பட்டை இல்லை, உண்மைதான். ஆனால் பக்கத்து லேனில், யூரியாவே படாத மாதிரியிலும் பட்டை இழுபட்டு மங்கிப்போய்க் கிடந்தது. அதைப் பற்றித் தம்பி ஒரு சொல்லும் எழுதவில்லை.

டி.என்.ஏ. நுண்கட்டமைப்புகளோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இந்த இடத்தில் நின்றிருப்பார்கள். கடுமையான இரசாயனம் ஒன்றைச் சேர்த்தோம், கட்டமைப்பு போய்விட்டது, ஆகவே இரசாயனம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். எங்கள் ஆய்வுகூடத்தில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் அப்படியில்லை. அதனால் காரணத்திலிருந்து தொடங்காமல் கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியிலிருந்து தொடங்கி எழுதுகிறேன். ஏ.எப்.எம். கருவிக்கு, அதாவது ஊசிமுனையால் தடவி உருவத்தைப் படமாக்கும் அணுவிசை நுண்காட்டிக்கு, இன்னொரு நிறுவனத்தில் வரிசையில் நிற்க வேண்டிய நிலையில்தான் நாங்கள் இருக்கிறோம். ஆகவே இங்கே பெரும்பாலும் ஜெல்தான் கண்.

பொருள் என்னவென்று ஒரு வரி. 2006இல் போல் ரோத்மண்ட் காட்டிய ஒரிகாமி முறையில், எம்13 வைரசின் 7,000க்குச் சற்று மேற்பட்ட மூலங்கள் (ஏ, டி, ஜி, சி என்ற டி.என்.ஏ. எழுத்துகள்) கொண்ட ஒற்றை நெடும் இழையை, இருநூறுக்கு மேற்பட்ட குட்டி ஸ்டேப்பிள் இழைகள் ஆங்காங்கே பிடித்து மடித்து, முக்கோணமோ செவ்வகமோ ஆக்குகின்றன. கிடுகு பின்னுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலை ஒன்றுதான். பின்னலில்தான் உருவம் இருக்கிறது. பின்னல் அவிழ்ந்தாலும் கிடுகு போய்விடும், ஓலை இற்று அறுந்தாலும் போய்விடும். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதலில் செய்ய வேண்டிய ஒரே சோதனை

மாதிரி கெட்டுவிட்டதா? கொட்டிவிடாதீர்கள். அதில் கொஞ்சத்தை எடுத்து, சேர்த்த இரசாயனத்தை வடிகட்டிக் குழாயால் கழுவி அகற்றுங்கள். 100 கிலோடால்டன் வடி போதும். பிறகு வழக்கமான மடிப்புப் பஃபருக்கு, அதாவது 12.5 மில்லிமோலார் மகனீசியம் உள்ள டி.ஏ.ஈ.க்கு (ட்ரிஸ், அசற்றேற்று, ஈ.டி.டி.ஏ. சேர்ந்த பஃபர்) மாற்றி, புதிய ஸ்டேப்பிள் கலவையைத் தாராளமாகச் சேர்த்து, பி.சி.ஆர். கருவியில் சூடாக்கி மெதுவாகக் குளிரவிடுங்கள்.

பட்டை திரும்பி வந்தால் நெடும் இழை நன்றாக இருக்கிறது, பின்னல்தான் அவிழ்ந்தது. அப்படியானால் மகனீசியம், வெப்பம், யூரியா போன்றவற்றின் பக்கம் தேட வேண்டும். பட்டை வரவே இல்லை என்றால் இழை அறுந்திருக்கிறது. நியூக்கிளியேசு (டி.என்.ஏ.யை வெட்டும் நொதி), அமிலம், ஒட்சியேற்றம் பக்கம் தேடுங்கள். புதிய ஸ்டேப்பிள் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வடிகட்டும்போது அவிழ்ந்த குட்டி இழைகள் வடியினூடாக வெளியே போய்விடும். அவை இல்லாமல் மடித்துப் பார்த்துவிட்டு "இழை அறுந்துவிட்டது" என்று முடிவெடுத்தால் பிழை உங்களுடையது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அமிலத்தில் நின்ற இழை வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே பியூரின் மூலங்களை இழந்திருக்கலாம். அந்த இடங்கள் 95 பாகைக்கு ஏற்றும்போது படபடவென்று அறும். ஆகவே அமிலச் சோதனை செய்த மாதிரி திரும்ப மடியாவிட்டால், சூடாக்குவதற்கு முன்பே அறுந்ததா பின்பா என்று பார்க்க, சூடாக்காத பங்கையும் பக்கத்தில் ஓட்டுங்கள்.

அறிகுறி: எதுவும் சேர்க்காத மாதிரியிலேயே பட்டை இழுபடுகிறது

தம்பியின் படம் இதுதான். இங்கே யூரியாவைப் பற்றி யோசிப்பதே நேரவிரயம். மகனீசியத்தைப் பாருங்கள்.

ஏன் மகனீசியம்? டி.என்.ஏ.யின் முதுகெலும்பு முழுக்கப் பொசுபேற்று, முழுக்க மறையேற்றம். ஒரிகாமியில் பல இரட்டைச் சுருள்களைப் பக்கம் பக்கமாக நெருக்கி அடுக்குகிறோம். பாடசாலை வானில் பிள்ளைகளை அடைப்பதுபோல. இடையில் இரட்டை நேரேற்றம் கொண்ட மகனீசியம் அயன்கள் இருந்து தள்ளுவிசையைத் தணிக்காவிட்டால் அவை ஒன்றையொன்று உதறித் தள்ளும்.

இப்போது கொழும்பின் விசேடம் ஒன்று. மகனீசியம் குளோரைட்டின் ஆறு நீர் கொண்ட பளிங்கு வடிவம்தான் பெரும்பாலும் அலுமாரியில் இருப்பது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இங்கே காற்று எப்போதும் ஈரம். போத்தலைத் திறந்து நிறுத்துக்கொண்டிருக்கும்போதே தராசின் இலக்கம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு மாதம் திறந்து மூடிய போத்தலில் உப்பு கட்டிபட்டு, அடியில் கஞ்சிபோல் நிற்கும். அதிலிருந்து 203.3 கிராம் நிறுத்து ஒரு லீற்றரில் கரைத்தால் ஒரு மோலார் வராது. அதில் ஒரு பங்கு வெறும் தண்ணீர்.

இதைவிட மோசமான தவறு, லேபிளைப் பார்க்காமல் நீரற்ற உப்பின் மூலக்கூற்று நிறையான 95.2ஐ வைத்துக் கணக்குப் போட்டு, ஆறு நீர் கொண்ட உப்பை நிறுப்பது. 12.5 மில்லிமோலார் என்று நினைத்தது உண்மையில் 5.9 மில்லிமோலார்தான் இருக்கும். டி.ஏ.ஈ.யில் ஏற்கெனவே இருக்கும் ஈ.டி.டி.ஏ. அதில் ஒரு மில்லிமோலாரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மிச்சம் ஐந்துக்குக் கீழே. சில தட்டையான கட்டமைப்புகள் இதையும் சமாளிக்கும். அடுக்கடுக்கான கட்டமைப்பு என்றால் மடிவதிலேயே தடுமாறும்.

திங்கட்கிழமை தம்பியின் போத்தலைத் திறந்து பார்த்தோம். அடியில் ஒரு விரற்கடைக்குத் தண்ணீர். பாவம், அவர் வாங்கிய போத்தலும் இல்லை அது.

தீர்வு எளிது. ஆயத்தமாக விற்கும் ஒரு மோலார் கரைசலை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ஒரு ஸ்டேப்பிள் தொகுதி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவோடு பார்த்தால் ஒன்றுமில்லை. வாங்க முடியாவிட்டால் பல்கலைக்கழக முதலாம் வருடத்தில் நீரின் வன்மை பார்த்த ஈ.டி.டி.ஏ. நியமிப்பை ஞாபகப்படுத்துங்கள். பி.எச். 10, எரியோக்குரோம் பிளாக் டி காட்டி, வைன் சிவப்பு நீலமாகும் வரை. அரை மணி நேரத்தில் உங்கள் கரைசலின் உண்மையான செறிவு கையில் இருக்கும். நிறுவையை நம்பத் தேவையில்லை.

மகனீசியத்தைத் திருடுகிற வேறு ஆட்களும் உண்டு. டி.ஈ. (ட்ரிஸும் ஈ.டி.டி.ஏ.யும்) பஃபரில் கரைத்த மாதிரி, ஏ.டி.பி., சித்திரேற்று எல்லாமே மகனீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரிகாமியைத் தூய்மையாக்கும் கடைசிக் கழுவலை வெறும் நீரிலோ டி.ஈ.யிலோ செய்தால் நீங்களே கதவைத் திறந்து விட்டதாகிறது.

அறிகுறி: குழாயில் நன்றாக இருந்தது, ஜெல்லில் மட்டும் போய்விட்டது

காலையில் ஓட்டினால் நல்ல பட்டை, பின்னேரம் ஓட்டினால் இழுபட்ட பட்டை. அறை வெப்பத்தைப் பாருங்கள். மத்திய குளிரூட்டியை நிறுத்திய பிறகு எங்கள் அறை 31 பாகைக்குப் போகும். மகனீசியம் உள்ள பஃபர் மின்னைக் கூடுதலாகக் கடத்தும், ஆகவே ஜெல் தொட்டி இன்னும் சூடாகும். அந்தச் சூட்டில் ஓட்டத்தின் நடுவிலேயே கட்டமைப்பு அவிழும்.

0.5 மடங்கு டி.பி.ஈ.யில் (ட்ரிஸ், போரேற்று, ஈ.டி.டி.ஏ. சேர்ந்த பஃபர்) 11 மில்லிமோலார் மகனீசியம் சேருங்கள். ஜெல்லுக்குள்ளும் ஓட்டப் பஃபருக்குள்ளும் இரண்டிலும் சேர்க்க வேண்டும். பலர் ஒன்றில் மறப்பார்கள். 60, 70 வோல்ற்றுக்கு மேல் போகாதீர்கள். தொட்டியை ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். எங்கள் ஐஸ் இயந்திரம் பழுதான ஒரு மாதம் முழுக்க நாங்கள் மீன்கடையில் ஐஸ் வாங்கித்தான் ஓட்டினோம். தொட்டிக்கு வெளியே நிற்கும் ஐஸில் மீன் வாடை அடித்தால் டி.என்.ஏ.க்கு ஒன்றும் ஆகாது. அறையில் இருப்பவர்கள்தான் முணுமுணுப்பார்கள்.

வெப்பத்தோடு இன்னொன்று. ட்ரிஸ் பஃபரின் பி.எச். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.028 இறங்கும். 25 பாகையில் 8.3 என்று சரிசெய்தது 31 பாகையில் 8.1க்கு வந்திருக்கும். இந்த அளவால் ஒரிகாமி குலையாது. ஆனால் நியமிப்புக்கோ, அமில எல்லையைத் துல்லியமாகப் பார்க்கும் சோதனைக்கோ இது கணக்கில் வரும்.

அறிகுறி: பி.பி.எஸ்.சில் அல்லது கல வளர்ப்பு ஊடகத்தில் போட்டவுடன் குலைகிறது

இதுவும் மகனீசியக் கதைதான், வேறு வேடத்தில். பி.பி.எஸ். என்ற பொசுபேற்று உப்புப் பஃபரில் சோடியம் குளோரைட்டு 137 மில்லிமோலார் இருக்கிறது, மகனீசியம் வழக்கமாக இல்லை. அதோடு பொசுபேற்று இருக்கிறது. 2018இல் கீலார் குழுவினர் காட்டியது எங்கள் நினைப்பை மாற்றியது. பஃபரில் மகனீசியம் மைக்ரோமோலார் அளவுக்கு விழுந்தாலும், முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் எஞ்சிய மகனீசியம் அங்கேயே இருந்தால் கட்டமைப்பு நிற்கும். ஈ.டி.டி.ஏ. அந்த எஞ்சிய அயன்களை அகற்றுகிறது. பொசுபேற்று அயன்கள் அவற்றுக்கும் டி.என்.ஏ.க்கும் இடையிலான பிடியைத் தளர்த்துகின்றன. ஆகவே "மகனீசியம் எவ்வளவு" என்பதோடு "கூட வேறு யார் இருக்கிறார்கள்" என்பதையும் கேட்க வேண்டும்.

செய்து பார்க்க வேண்டியது: பி.பி.எஸ்.சுக்குப் பதிலாக, அதே சோடியம் அளவுள்ள ட்ரிஸ் பஃபரில், ஈ.டி.டி.ஏ. இல்லாமல் போடுங்கள். அங்கே நின்றால் குற்றம் பொசுபேற்றின் பக்கம். அங்கேயும் விழுந்தால் சோடியத்தைப் படிப்படியாக உயர்த்திப் பாருங்கள். சோடியம் ஒற்றை நேரேற்றம், ஆகவே மகனீசியத்தைவிட எத்தனையோ மடங்கு தேவை. ஆனால் முடியாததல்ல. 2012இல் மார்ட்டினும் டீற்சும் மகனீசியமே இல்லாமல் சோடியத்தை மட்டும் வைத்துப் பல அடுக்குக் கட்டமைப்புகளை மடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

கல ஊடகம் என்றால் இரண்டு வில்லன்கள் ஒன்றாக நிற்பார்கள்: மகனீசியக் குறைவும் சீரத்தில் உள்ள நியூக்கிளியேசும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஊடகத்தைச் சீரம் சேர்க்காமலும் சேர்த்தும், மகனீசியம் கூட்டாமலும் கூட்டியும் என்று நான்கு குழாய் போடுங்கள். 2014இல் ஹான் குழுவினர் மூன்று வெவ்வேறு வடிவங்களை இப்படிப் பார்த்தபோது, வடிவத்துக்கு வடிவம் தாங்குதிறன் வேறுபட்டது. ஆகவே பக்கத்து மேசைக்காரரின் கட்டமைப்பு தாங்கியது என்பது உங்களுடையதற்கு உத்தரவாதம் இல்லை.

அறிகுறி: யூரியாவில் அறை வெப்பத்தில் நிற்கிறது, சூடாக்கினால் ஓட்டை விழுகிறது

தம்பி புது மகனீசியத்தோடு மறுபடி போட்டார். 6 மோலார் யூரியா, மேசையில் ஒரு நாள், பட்டை கம்பிபோல் நின்றது. அவருக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் 2016இலேயே இராமகிருஷ்ணனும் சகாக்களும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்த முக்கோண ஒரிகாமி 6 மோலார் யூரியாவிலும் 6 மோலார் குவானிடீனியம் குளோரைட்டிலும் அறை வெப்பத்தில் குறைந்தது 24 மணி நேரம் நின்றது. புரதத்தை விரித்துப் பார்க்க இந்தச் செறிவுகள் வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல செய்தி.

சூடாக்கும்போதுதான் கதை மாறுகிறது. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, கட்டமைப்பு முழுவதற்குமான உருகுவெப்பத்தை (மூலச் சோடிகளில் பாதி பிரியும் வெப்பநிலையை) ஒளிர்வு வளைவில் பார்த்துவிட்டு, "உருகுவெப்பம் 55, நான் 42இல் வைக்கிறேன், பிரச்சினை இல்லை" என்று நினைப்பது. அந்த ஒற்றை இலக்கம் சராசரி. ஒவ்வொரு ஸ்டேப்பிளும் தனித்தனி. முதல் ஒரிகாமியின் வழக்கமான ஸ்டேப்பிள் 32 மூலங்கள் நீளம். நடுவில் 16 மூலங்கள் ஒரு சுருளில் பிடிக்க, இருபுறமும் எட்டு எட்டு பக்கத்துச் சுருள்களைப் பிடிக்கும். ஏ, டி மூலங்கள் மிகுந்த பகுதியில் இருக்கும் எட்டு முதலில் கழன்றுவிடும். கட்டடம் நிற்கும், ஆனால் ஜன்னல்கள் விழுந்திருக்கும். ஒளிர்வு வளைவில் அது தெரியாது. ஜெல்லிலும் சில வேளை தெரியாது, பட்டை கொஞ்சம் பின்தங்கி, விளிம்பு மங்கி வரும், அவ்வளவுதான். ஏ.எப்.எம்.மில்தான் ஓட்டை தெரியும். உருகுவெப்பம் கட்டமைப்பின் உறுதியைச் சரியாகக் காட்டாது என்பதுதான் அந்த 2016 ஆய்வின் முடிவும்.

அதே ஆய்வில் இன்னொரு வேடிக்கை. குவானிடீனியம் உருகுவெப்பத்தைக் கூடுதலாக இறக்கியது, ஆனால் கட்டமைப்புக்குச் செய்த சேதம் யூரியாவைவிடக் குறைவு. குவானிடீனியம் தானே நேரேற்ற அயன். அடிக்கும் கையே கொஞ்சம் தாங்கியும் பிடிக்கிறது. ஆனால் குளோரைட்டுக்குப் பதில் தயோசயனேற்று உப்பை எடுத்துவிட்டு இதே நம்பிக்கையோடு இருக்காதீர்கள், அது கூடிய வலிமையுள்ள குலைப்பான். பெயரில் குவானிடீனியம் இருக்கிறது என்பதற்காக ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட்டின் தயோசயனேற்றுக் கரைசலை எடுத்து ஊற்றியவரை எனக்குத் தெரியும்.

எனவே சூடாக்கித்தான் ஆக வேண்டும் என்றால்: வடிவமைப்பில் இருக்கும்போதே எட்டு மூலப் பிடிகளை நீட்டுங்கள், பலவீனமான பகுதிகளில் ஸ்டேப்பிள்களின் இணைப்பிடத்தை நகர்த்துங்கள். ஏற்கெனவே மடித்துவிட்டீர்கள் என்றால் குறைந்த வெப்பத்தில் கூடிய நேரம் வைக்க முடியுமா என்று பாருங்கள். மகனீசியத்தை உயர்த்துவதும் உதவும். யூரியாக் கரைசலை மட்டும் அன்றன்றே கரையுங்கள். நாட்பட்டதும் சூடேறியதுமான யூரியாவில் சயனேற்று உண்டாகும். அது ஒரிகாமியைவிட, அதில் நீங்கள் ஒட்டியிருக்கும் புரதத்தைத்தான் முதலில் கெடுக்கும்.

போர்மமைட்டு என்ற இன்னொரு குலைப்பானைப் பாவிப்பவர்களுக்கு ஒரு கைக்கணக்கு: ஒவ்வொரு ஒரு வீதத்துக்கும் உருகுவெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை இறங்கும். 30 வீதம் போட்டால் 18 பாகை இறங்குகிறது. கொழும்பு அறை வெப்பமே 30 என்பதை அதோடு சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பியக் கட்டுரையில் "அறை வெப்பம்" என்பது 20 சொச்சம். நமக்கு அந்தப் பத்துப் பாகை இனாமாகக் கிடைக்கிறது, வேண்டாத இனாம்.

அறிகுறி: காரம் சேர்த்ததும் கரைசல் வெள்ளையாகக் கலங்குகிறது

டி.என்.ஏ. வீழ்படிவாகிவிட்டது என்று பதறுவார்கள். அது மகனீசியம் ஐதரொட்சைட்டு. 12.5 மில்லிமோலார் மகனீசியத்தோடு பி.எச்.சை 9.5, 10க்கு மேல் கொண்டுபோனால் அது வீழ்படிவாகத் தொடங்கும். அடியில் வெள்ளையாக மகனீசியம், மேலே மகனீசியம் குறைந்த கரைசலில் தவிக்கும் ஒரிகாமி. இன்னும் மேலே போனால் குவானைனும் தைமினும் புரோத்தனை இழந்து மூலச் சோடிகளே பிரியும். ஆகவே காரத்தில் இரண்டு அடி. முதல் அடியை மட்டும் பிரித்துப் பார்க்க, மகனீசியத்தைச் சோடியத்தால் ஈடுசெய்து அதே பி.எச்.சில் ஒரு குழாய் வைத்துப் பாருங்கள்.

அமிலப் பக்கத்தில் கலங்கல் வராது, சத்தமில்லாமல் கெடும். பி.எச். 5க்குக் கீழே போகப் போகப் பியூரின் இழப்பு வேகம் எடுக்கும், வெப்பம் கூடினால் இன்னும். பி.எச். 4 பக்கம் சைற்றோசினும் அடினினும் புரோத்தன் ஏற்றுச் சோடி குழம்பும். இந்தச் சோதனைகளைச் சித்திரேற்றுப் பஃபரில் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லுவேன். மகனீசியத்தை அது பிடிப்பதால் அமிலத்தின் விளைவு எது, சித்திரேற்றின் விளைவு எது என்று கடைசிவரை தெரியாது. அசற்றேற்று பரவாயில்லை. நீரிலிருந்தும் ஒரு சின்னக் குழப்பம் வரும். அயன் நீக்கிய நீர் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை உறிஞ்சிப் பி.எச். 5.5 பக்கம் நிற்கும். பஃபர் இல்லாமல் அதில் மாதிரியை வைத்துவிட்டு "நடுநிலை நீர்" என்று குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள்.

அறிகுறி: பட்டை கிணற்றை விட்டே வரவில்லை

கிணறு என்பது ஜெல்லில் மாதிரியை ஊற்றும் குழி. இது குலைவு இல்லை, திரட்சி. கட்டமைப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. மகனீசியம் மிதமிஞ்சிப் போயிருக்கலாம், எதனோல் சேர்த்திருக்கலாம், நேரேற்றப் பல்பகுதியம் அளவு கடந்திருக்கலாம். செவ்வக ஒரிகாமியாக இருந்தால் விளிம்பில் திறந்து நிற்கும் மொட்டை முனைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். விளிம்பு ஸ்டேப்பிள்களை விட்டுவிடுங்கள், அல்லது தைமின் வால் வைத்து நீட்டுங்கள். தூய்மையாக்கப் பெக் (பொலியெதிலீன் கிளைக்கோல்) வீழ்படிவு செய்த பிறகு இப்படி வந்தால் அவசரப்படாமல் பஃபரில் 30 பாகையில் ஓர் இரவு விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கலைந்துவிடும்.

அறிகுறி: 200 பாகையில் நின்றது என்று படித்தோம், எங்களுடையது 60இல் போகிறது

இரண்டும் உண்மை. 2014இல் கிம் குழுவினர் முக்கோண ஒரிகாமியை 200 பாகையில் பத்து நிமிடம் வரை சுட்டார்கள். பலவகைக் கரிமக் கரைப்பான்களில் 24 மணி நேரம் வரை ஊறவைத்தார்கள். காரக் கரைசலைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள், புறஊதாவும் ஓசோனும் ஐந்து நிமிடம். உருவம் நின்றது. ஆனால் அது ஒரு பரப்பின்மேல் படிந்து உலர்ந்த ஒரிகாமி. அங்கே இழைகள் கழன்று ஓட இடமில்லை, ஓடிப்போய்க் கரைய நீரும் இல்லை. கருவாட்டையும் தொட்டி மீனையும் ஒரே வெயிலில் வைத்து ஒப்பிடுவதுபோல்தான். கட்டுரையைத் திறந்ததும் நான் முதலில் தேடும் சொல் "கரைசலிலா, பரப்பிலா" என்பதுதான்.

பரப்பில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மைக்காவில் (ஏ.எப்.எம். படத்துக்குப் பாவிக்கும் தட்டையான கனியத் தகடு) படியவைத்த பிறகு வெறும் நீரால் அலசி அலசிக் கழுவினால் ஒட்டவைத்த மகனீசியமும் போய்விடும். படத்தில் காணும் ஓட்டைக்கு இரசாயனம் காரணமில்லை, உங்கள் அலசல்தான். கொஞ்சம் நிக்கல் அயன் சேர்த்தால் இறுகப் பிடிக்கும். நேர்மாறாக, கழுவாமல் உலரவிட்டால் உப்புப் பளிங்குகளை ஒரிகாமி என்று எண்ணிக்கொண்டு படம் எடுப்பீர்கள்.

அறிகுறி: போன கிழமை நன்றாக இருந்தது, இந்தக் கிழமை இல்லை

திரும்ப மடித்துப் பாருங்கள். மடியவில்லை என்றால் நியூக்கிளியேசுதான் முதல் சந்தேகம். வியர்த்த கை, கையுறை போட்டபின் தொட்ட போன், எல்லோரும் குழாய் விட்டு எடுக்கும் பொதுப் பஃபர் போத்தல். கொடுமை என்னவென்றால், டி.என்.ஏஸ் 1 என்ற நொதிக்கு வேலை செய்ய மகனீசியம் வேண்டும். கட்டமைப்பைத் தாங்கும் அதே அயன் அதை வெட்டுகிறவனுக்கும் சோறு போடுகிறது. சாதாரண பிளாஸ்மிட் என்றால் ஈ.டி.டி.ஏ. ஊற்றி நிம்மதியாக இருக்கலாம். நமக்கு அந்த வழி இல்லை. 0.2 மைக்ரோன் வடியில் வடித்த பஃபரைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, ஒருமுறை திறந்ததை வீசுவதுதான் வழி.

பழைய இரும்பு உபகரணத்திலிருந்து அயன் கசிந்த பஃபரோடு ஐதரசன் பேரொட்சைட்டோ, அசுகோபிக்கமிலமோ சேர்ந்தாலும் இழை அறும். இரும்பும் செம்பும் தாமாக அல்ல, அவை உண்டாக்கும் ஐதரொட்சில் மூலிகங்கள்தான் வெட்டுகின்றன.

மடிந்தது என்றால் குளிர்சாதனப் பெட்டியைச் சந்தேகியுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின் இல்லாத நாட்களில், எங்கள் உறைபெட்டி உருகி உறைந்து உருகி உறைந்து, மாதிரிகள் எத்தனை சுற்றுப் போயின என்று கணக்கே இல்லை. உறையும்போது பனிப்பளிங்குக்கு வெளியே உப்பு செறிந்து, கட்டமைப்பு நெரிபடும். அதற்குப் பிறகு கிளிசரோல் அல்லது ட்ரீஹலோசு சேர்க்காமல் எதையும் உறையவைப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் பாவிப்பதை 4 பாகையில் வைக்கிறோம். ஏப்பிரலிலும் ஒக்ரோபரிலும் பின்னேர இடி தொடங்கினால் இரவு முழுக்க ஓடும் மடிப்பு நிரலை பி.சி.ஆர். கருவியில் போடுவதும் இல்லை. காலையில் வந்து பார்த்தால் திரை புதிதாக வரவேற்கும்.

எல்லாம் சரி, ஆனாலும் நிலைமை கடுமையானதுதான் என்றால்

அப்போது கட்டமைப்பையே பலப்படுத்த வேண்டும். நான் முதலில் பார்ப்பது புறஊதா ஒட்டு. பக்கம் பக்கமாகத் தைமின்கள் வரும்படி வடிவமைத்து 310 நனோமீற்றர் ஒளியில் வைத்தால் அவை சகபிணைப்பால் ஒட்டிவிடும். 2018இல் ஜெர்லிங் குழுவினர் இப்படி ஒட்டிய கட்டமைப்பு 90 பாகை வரையும், அயனே இல்லாத வடித்த நீரிலும் நின்றது. வெளிப்பொருள் எதுவும் ஒட்டவில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் 260 பக்கத்துக் கிருமிகொல்லி விளக்கில் வைத்துவிட்டு அதே பலனை எதிர்பார்க்காதீர்கள், அது டி.என்.ஏ.யையே சேதப்படுத்தும்.

மகனீசியம் குறைந்த இடத்திலும் சீரத்திலும் நிற்கவேண்டும் என்றால் பெக் இணைத்த ஒலிகோலைசின் (லைசின் அமினோவமிலத்தின் குட்டிச் சங்கிலி) பூச்சு. 2017இல் பொன்னுசாமி குழுவினர் காட்டிய வழி அது. லைசினின் நைதரசனுக்கும் டி.என்.ஏ.யின் பொசுபரசுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும். பெக் இல்லாத லைசின் கூடினால் கிணற்றில் தங்கும் அந்தத் திரட்சி திரும்ப வரும். சிலிக்கா பூச்சு இன்னும் உறுதி. ஆனால் பூசியபின் மேற்பரப்பில் இருந்த இழைகளை அணுக முடியாது, ஆகவே புரதமோ பொன் துணிக்கையோ பிடிக்க வேண்டியவர்களுக்கு அது சரிவராது.

ஒலிகோலைசினை குளூற்றரல்டிகைட்டால் மேலும் இறுக்கப் போகிறவர்கள் அதற்கு முன் பஃபரை மாற்றுங்கள். குளூற்றரல்டிகைட்டு அமீன்களைப் பிடித்துப் பிணைப்பது. ட்ரிஸிலும் அமீன் இருக்கிறது, லைசினிலும் அமீன் இருக்கிறது. மாற்றாமல் ஊற்றினால் குளூற்றரல்டிகைட்டு முழுவதையும் ட்ரிஸே சாப்பிட்டுவிடும். ஹெப்பெசு பஃபருக்கு மாறுங்கள், மகனீசியத்தை மறக்காமல்.